கிளேட்டன் தெரு 558-ஆம் எண் வீடு

கேள்வி இதுதான்: "போதையில் சிக்கிய இளைஞர்களுக்காக அமெரிக்காவில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்திய முதல் கிளினிக் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹைட் ஆஷ்பரி இலவச கிளினிக் என்று படித்தேன். ஹிப்பிகளுக்கு வைத்தியம் பார்த்த இடம் என்பதைத் தாண்டி அதில் அப்படி என்ன இருக்கிறது? இப்போதும் நடக்கிறதா?"

ஹிப்பிகளுக்கு வைத்தியம் பார்த்த இடம் என்பது உண்மைதான், ஆனால் அது முதல் சில மாதங்களின் கதை. கிளினிக் அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் நடந்தது. இலவசம் என்பதையும் நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். தர்ம ஆஸ்பத்திரிகள் அதற்கு முன்பே எல்லா ஊரிலும் இருந்தன. மாத்திரை போட்டுவிட்டு நிலைதடுமாறி வருகிற பதினேழு வயதுப் பையனைத் திட்டாமல், போலீஸுக்குச் சொல்லாமல், வீட்டுக்கும் சொல்லாமல் உள்ளே உட்கார வைத்ததுதான் புதுசு. இன்று இது சாதாரணமாகத் தெரியும். 1967-இல் இது சட்டத்தின் விளிம்பில் நடக்கிற காரியம்.

முதலில் அன்றைய நிலைமை. 1967 ஜனவரி 14 அன்று கோல்டன் கேட் பூங்காவில் 'ஹியூமன் பி-இன்' என்று ஒரு பெரிய கூட்டம் கூடியது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைத் தூக்கிப் பிடிக்க, கோடை விடுமுறை விட்டதும் நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் ஹைட் தெருவுக்குக் கிளம்பி வந்தார்கள். அந்தக் கோடையில் ஒரு லட்சம் பேர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். 'சம்மர் ஆஃப் லவ்' என்று பேர் போன கோடை அது. தங்க இடம் கிடையாது, கையில் காசு கிடையாது, காலில் செருப்புகூட இல்லாதவர்கள் நிறையப் பேர். எல்.எஸ்.டி. என்ற மனமயக்க மருந்து மட்டும் தாராளமாகக் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் 1966 அக்டோபர் 6 வரை அது சட்டவிரோதம்கூட இல்லை.

நகராட்சிக்கு இந்தக் கூட்டத்தைப் பிடிக்கவில்லை. வராதீர்கள் என்று சொல்லிப் பார்த்தது, வீடு வீடாகச் சுகாதார ஆய்வாளர்களை அனுப்பியது. வரப்போகிற பிள்ளைகளுக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்பதற்கு மட்டும் அதனிடம் திட்டம் இல்லை. சாப்பாட்டு விஷயத்தை அந்தப் பேட்டைக்காரர்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'டிக்கர்ஸ்' என்ற நாடகக்காரக் கூட்டம் ஒன்று பூங்காவை ஒட்டிய புல்வெளியில் தினமும் சாயங்காலம் அண்டாவில் சூப் கொண்டுவந்து யார் என்ன என்று கேட்காமல் ஊற்றியது. கிட்டத்தட்ட நம் ஊர் அன்னதானம். சாப்பாட்டை இப்படிக் கொடுக்க முடியுமென்றால் வைத்தியத்தை ஏன் முடியாது என்ற எண்ணம் அந்தக் காற்றிலேயே இருந்தது.

டேவிட் ஸ்மித் அப்போது 28 வயது டாக்டர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஹைட் பேட்டைக்கு மேலே உள்ள குன்றில்தான் இருக்கிறது. அங்கே படித்து, மருந்தியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். நகரப் பொது மருத்துவமனையில் குடி, போதை நோயாளிகளைப் பரிசோதிக்கும் பிரிவையும் பார்த்துக்கொண்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்குக் கொடுக்கிற மருந்தைக் கீழே தெருவில் பிள்ளைகள் தாங்களாகவே விழுங்குவதை அவர் தினம் பார்த்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரே ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர், 1966 புத்தாண்டு அன்று நிறுத்தியவர். இதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுகிற விவரம் இது. வந்தவனைத் திட்டாமல் இருக்க அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருந்திருக்காது என்பது என் அனுமானம்.

சட்டம் எப்படி இருந்தது? போதைக்கு அடிமையாக இருப்பதே குற்றம் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் இருந்தது. கையில் சரக்கு வேண்டாம், விற்க வேண்டாம், அடிமையாக இருந்தாலே குறைந்தது 90 நாள் ஜெயில். 'ராபின்சன் எதிர் கலிஃபோர்னியா' வழக்கில் 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நோயாளியை நோய்க்காகத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அடிமைப்பட்டவருக்கு அந்தப் போதைமருந்தையே டாக்டர் எழுதிக் கொடுத்துக் காலம் தள்ள வைக்கக்கூடாது என்ற 1919-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படியே நின்றது. அதனால் ஒரு டாக்டர் தன் சொந்த கிளினிக்கில் அடிமை நோயாளியைப் பார்ப்பது என்றாலே கைவிலங்கு பயம். பெரிய ஆஸ்பத்திரிகளும் இவர்கள் வந்தால் முகம் சுளித்தன.

1967 ஜூன் 7 அன்று கிளேட்டன் தெரு 558-ஆம் எண் வீட்டின் மாடியில் கிளினிக் திறந்தது. பழைய விக்டோரிய பாணி மரவீடு, முன்பு பல் டாக்டர் ஒருவர் வைத்திருந்த இடம். முதல் நாளே 250 பேருக்கு மேல் வந்ததாகச் சொல்வார்கள். படிக்கட்டில் வரிசை இறங்கி நடைபாதையில் நீண்டது. குன்றின் மேலிருந்து மருத்துவ மாணவர்களும் நர்ஸுகளும் டாக்டர்களும் வேலை முடிந்ததும் இறங்கி வந்து சம்பளமில்லாமல் பார்த்தார்கள். 'மருத்துவம் உரிமை, சலுகை அல்ல' என்பது கிளினிக்கின் கொள்கை வாசகம். எனக்கு அதைவிட வாசலில் இருந்த அறிவிப்புதான் பிடிக்கும். உள்ளே சரக்கு விற்காதே, வைத்திருக்காதே, போடாதே, குடிக்காதே, நாய் பூனை கூட்டி வராதே, இதில் எது நடந்தாலும் கிளினிக்கை மூடிவிடுவார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் 'உங்களை நேசிக்கிறோம்' என்று முடியும். கண்டிப்பும் கனிவும் ஒரே பலகையில்.

வந்தவர்களில் எல்லாரும் போதைக் கேஸ் இல்லை. வெறுங்காலில் நடந்து புண்ணான பாதம், மஞ்சள் காமாலை, பால்வினை நோய், நிமோனியா, சொறி, சொத்தைப் பல், சரியாகச் சாப்பிடாத உடம்பு என்று வேறு பலவும் வந்தன. இதுதான் சூட்சுமம். "போதைச் சிகிச்சை மையம்" என்று பலகை மாட்டியிருந்தால் பாதிப் பேர் படியேறியிருக்க மாட்டார்கள். கால் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவன் இரண்டாவது தடவை வரும்போது மெதுவாகத் தன் ஊசிப் பழக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். இன்றைக்கும் இளைஞர்களோடு வேலை செய்கிறவர்கள் இந்த வழியைத்தான் நம்புகிறார்கள்.

'பேட் டிரிப்' என்று சொல்லப்பட்ட நிலைக்கு அவர்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்.எஸ்.டி. போட்டவனுக்குத் திடீரென்று பயம் பிடித்துவிடும். சுவர் மூச்சு விடுகிறது, நான் செத்துக்கொண்டிருக்கிறேன், பைத்தியமாகிவிட்டேன் என்று அலறுவான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பளீரென்ற விளக்கு, சீருடை, கட்டிலோடு கட்டு, பிறகு மனநோய்க்குப் போடுகிற குளோர்ப்ரோமசின் ஊசி. பயந்தவனை மேலும் பயமுறுத்த இதைவிட நல்ல வழி இல்லை. கிளினிக்கில் அதற்கென்றே அமைதியான அறை ஒன்று வைத்தார்கள். மங்கலான வெளிச்சம். பக்கத்தில் ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் தானும் அந்த அனுபவத்தைக் கடந்தவர். அவர் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: நீ ஒரு மருந்து சாப்பிட்டிருக்கிறாய், இது அந்த மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அதுவரை நான் எழுந்து போக மாட்டேன். பேசிப் பேசியே கீழே இறக்குவது என்ற பொருளில் இதை 'டாக்கிங் டவுன்' என்றார்கள். மருந்தே இல்லாமல் பெரும்பாலானவர்கள் தெளிந்து நடந்து போனார்கள்.

இந்த முறை எவ்வளவு தேவை என்பது திறந்து இரண்டே வாரத்தில் தெரிந்தது. ஜூன் 21 கோடைத் திருவிழாவில் 'எஸ்.டி.பி.' என்ற புது மாத்திரையைப் பூங்காவில் ஆயிரக்கணக்கில் விநியோகித்தார்கள். அது மெதுவாக ஏறும், ஏறினால் லேசில் இறங்காது. ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்து இரண்டாவதைப் போட்டவர்கள் உண்டு. எல்.எஸ்.டி.யைப் போல அரை நாளில் முடியாமல் ஒரு நாளையும் தாண்டிப் போனது. ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகள் நிரம்பின. வழக்கமான குளோர்ப்ரோமசின் ஊசி இதில் நிலைமையை மோசமாக்கியதாக ஸ்மித் குழுவினர் எழுதினார்கள். தெருவில் புதிதாக என்ன இறங்கியிருக்கிறது என்பது மருத்துவப் புத்தகங்களுக்கு முன்பே இந்த மாடி வீட்டுக்குத் தெரிந்தது. இப்படிப் பார்த்ததை எழுதி வைக்க 1967-லேயே ஓர் ஆய்விதழையும் தொடங்கினார்கள். 1981-இல் பெயர் மாறி அது இன்றும் வருகிறது.

இதே ஜூன் மாதம் சற்றுத் தள்ளி பிராட்ரிக் தெருவில் 'ஹக்கிள்பெரி ஹவுஸ்' திறந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவர் சிறுமியருக்கான முதல் புகலிடம் என்று அதைச் சொல்வார்கள். அன்று பதினெட்டுக்குக் கீழே உள்ளவர் வீட்டை விட்டு ஓடுவதே சிறுவர் நீதிமன்றத்துக்கு இழுக்கிற விஷயம். கிளினிக் உடம்பைப் பார்த்தது, அந்த வீடு அப்பா அம்மாவுடன் பேச்சு வார்த்தை நடத்தியது. அந்த வருஷமே போலீஸ் உள்ளே புகுந்து ஊழியர்களைக் கைது செய்தது. 1974-இல் ஓடிப்போகும் பிள்ளைகளுக்காக மத்திய அரசே ஒரு சட்டம் போட்டு இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பணம் தர ஆரம்பித்தது. ஏழே வருஷத்தில் நிலைமை தலைகீழ்.

சரி, பணம்? முதலில் பாட்டுக் கச்சேரிதான். ஃபில்மோர் அரங்கின் பில் கிரஹாம் நிதிக் கச்சேரிகள் நடத்திக் கொடுத்தார். அந்தப் பேட்டையிலேயே குடியிருந்த பாடகர்கள் வந்து பாடினார்கள். அப்படியும் போதவில்லை. கோடை முடிந்த கையோடு காசில்லாமல் கொஞ்ச நாள் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

அப்புறம் தெருவே மாறியது. 1967 அக்டோபரில் பழைய ஹைட் வாசிகள் 'ஹிப்பி செத்துவிட்டான்' என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். பூப் போட்ட பிள்ளைகள் ஊருக்குத் திரும்ப, 1968-இல் மிச்சமிருந்தவர்கள் கையில் 'ஸ்பீட்' வந்தது. மெத்தாம்ஃபெட்டமினை ஊசியாக ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், எல்லாரையும் சந்தேகப்படுகிற கூட்டம். எல்.எஸ்.டி.க்காரனிடம் பேசி இறக்கலாம், இவனிடம் அது எடுபடாது. வன்முறையும் சேர்ந்து வந்தது. கிளினிக்கின் தன்னார்வலர்கள் பயந்த காலம் இது.

தடுப்புப் பணி பற்றிக் கிளினிக் கற்ற பெரிய பாடம் இந்தக் கட்டத்தில்தான். கஞ்சா ஒரு தடவை இழுத்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்திப் படம் காட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இழுத்துப் பார்த்தார்கள், பைத்தியம் பிடிக்கவில்லை. அதனால் பெரியவர்கள் சொல்வது எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு ஸ்பீட் ஆபத்தானது என்று உண்மையைச் சொன்னபோதும் யாரும் நம்பவில்லை. ஸ்மித் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஸ்பீட் ஆளைக் கொல்லும் என்ற வாசகம் பேட்ஜாகவும் சுவரெழுத்தாகவும் பரவி ஓரளவு எடுபட்டதென்றால், அது அந்தத் தெருப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்ததால்தான். அரசாங்கம் அச்சடித்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் சிலர், பிற்பாடு கூட்டக் கொலைகளால் பேர் கெட்ட சார்லஸ் மேன்சன் பெயரை இழுப்பார்கள். 1967-இல் அவன் ஹைட்டில் இருந்தான், அவனோடு இருந்த பெண்கள் கிளினிக்குக்கு வந்திருக்கிறார்கள். அவனுடைய பரோல் அதிகாரியே பிற்பாடு கிளினிக்கில் ஆம்ஃபெட்டமின் ஆய்வை நடத்தினார். இதை வைத்துக்கொண்டு சதிக்கதை பின்னுகிறவர்கள் உண்டு. பேட்டைக்கு ஒரே ஒரு இலவச கிளினிக் இருந்தால் பேட்டையில் இருக்கிற எல்லாரும்தான் வருவார்கள் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஸ்பீடின் படபடப்பை அடக்க ஹெராயின் போட ஆரம்பித்தார்கள். 1970 வாக்கில் ஹைட்டின் முக்கிய நோய் ஹெராயின் ஆனது. வியட்நாமிலிருந்து பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளினிக் அதே கிளேட்டன் தெருவில் இன்னொரு வீட்டில் தனிப் பிரிவு தொடங்கியது. நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள், ஹெராயினுக்குப் பதிலாகத் தினம் மெத்தடோன் மருந்து கொடுக்கிற முறையை 1965-இல் வெளியிட்டிருந்தார்கள். அது அனுமதி பெற்ற இடங்களுக்கு மட்டும். ஹைட் கிளினிக் வேறு வழியில் போனது. நோயாளி வீட்டிலிருந்தபடியே தினம் வந்து போவார். தூக்கத்துக்கு, வலிக்கு, வயிற்றுப் பிடிப்புக்கு என்று அந்தந்தத் தொந்தரவுக்கு அன்றைக்குத் தேவையான மாத்திரை மட்டும் கொடுப்பார்கள். கூடவே ஆலோசகர், பலர் முன்னாள் அடிமைகள். ஹெராயினை விட்டதும் வருகிற உடம்பு முறுக்கல் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிற வெறுமைதான் ஆளைத் திரும்பத் தெருவுக்கு இழுக்கும். பாதியில் நின்றவர்கள் ஏராளம். ஒரே ஆள் நான்கைந்து தடவை வந்ததும் உண்டு. அப்படி வருவதைத் தோல்வி என்று எழுதாமல், நாள்பட்ட நோய் இப்படித்தான் போய்வரும் என்று எழுதியதில்தான் இவர்களுடைய மருத்துவம் மற்றவர்களிடமிருந்து பிரிகிறது.

1971 ஜூனில் அதிபர் நிக்சன் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். அந்த வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைக் கொண்டுவந்து தனி அலுவலகம் அமைத்து, ஆரம்ப வருஷங்களில் போலீஸ் நடவடிக்கையைவிடச் சிகிச்சைக்கே அதிகம் செலவழித்ததை மறந்துவிடுகிறோம். அதற்குள் லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் என்று தொடங்கி நாடு முழுக்கச் சில நூறு இலவச கிளினிக்குகள் முளைத்திருந்தன. மத்திய அரசுப் பணத்தை வாங்குவதா வேண்டாமா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. பணம் வந்தால் பதிவேடு வரும், பதிவேடு வந்தால் பெயர் கேட்பார்கள், பெயர் கேட்டால் பையன் வர மாட்டான் என்பது ஒரு கட்சி. கச்சேரி வசூலில் ஹெராயின் நோயாளிகளைப் பார்க்க முடியாது என்பது இன்னொரு கட்சி. ஹைட் கிளினிக் வாங்கியது. போதைச் சிகிச்சைப் பதிவேடுகளைப் போலீஸ் எளிதில் எட்டக்கூடாது என்று 1972 சட்டத்தில் கடுமையான ரகசியப் பாதுகாப்பு வந்தது, பயம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் அந்தப் பயம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். மானியம் வாங்கிய பிறகு கிளினிக்கில் கோப்பு பார்க்கிற ஆட்கள் பெருகினார்கள், சாயங்காலம் குன்றிறங்கி வருகிறவர்கள் குறைந்தார்கள்.

பாட்டோடு இருந்த உறவு மட்டும் விடவில்லை. 1973-இல் கெசார் மைதானத்தில் கிரேட்ஃபுல் டெட், லெட் ஜெப்பலின் கச்சேரிகளுக்கு வைத்திய உதவி வேண்டும் என்று பில் கிரஹாம் கேட்க, 'ராக் மெடிசின்' பிறந்தது. கூட்டத்துக்கு நடுவே கூடாரம், உள்ளே தன்னார்வ டாக்டர்கள், அதே பேசி இறக்கும் முறை. 1974-இல் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் தன் சான் ஃபிரான்சிஸ்கோ கச்சேரி ஒன்றின் வருமானத்தைக் கிளினிக்குக்குக் கொடுத்தார். 1967 ஆகஸ்டில் ஹைட் தெருவுக்கு வந்து, போதையில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்து, எல்.எஸ்.டி.யையே விட்டதாகச் சொன்னவர் அவர். நமக்கு ஒரு சுவாரசியம்: அந்த 1974 சுற்றுப்பயணத்தில் ரவிசங்கர் குழுவோடு போனவர்களில் வயலின் எல். சுப்பிரமணியமும் டி.வி. கோபாலகிருஷ்ணனும் உண்டு.

எண்பதுகளில் எய்ட்ஸ் வந்தபோது, ஊசி பகிர்ந்துகொள்கிறவர்களுக்குச் சின்னப் புட்டிகளில் பிளீச்சிங் திரவம் கொடுத்து ஊசியைக் கழுவச் சொன்ன நகரம் சான் ஃபிரான்சிஸ்கோ. அதே காலத்தில் ஸ்மித்தும் கூட்டாளிகளும் போதை மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்கச் சொல்லி டாக்டர்களோடு மல்லுக்கட்டினார்கள். அமெரிக்கப் போதை மருத்துவச் சங்கத்துக்குத் தொண்ணூறுகளின் நடுவில் அவர் தலைவர். மருத்துவத்தின் துணைச் சிறப்புப் பிரிவாக முறையான அங்கீகாரம் கிடைத்தது 2016-இல்தான்.

இப்போதும் நடக்கிறதா என்று கேட்டீர்கள். அதற்கு முன் இன்னொரு இல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1969-இல் அதே பேட்டை இளைஞர்களுக்காக 'வால்டன் ஹவுஸ்' என்று ஒரு தங்கும் சிகிச்சை இல்லம் தொடங்கியிருந்தது. 1958-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய 'சினனான்' என்ற போதை மீட்பு இல்லத்தின் பாணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, வட்டமாக உட்கார்ந்து ஒருவன் தவறை மற்றவர்கள் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பது அந்தப் பாணியின் ஆணிவேர். சினனானே பின்னாளில் ஒரு மதக்கூட்டம்போல ஆகி, வன்முறையில் இறங்கி, 1991-இல் கலைந்தது. அதன் வழிவந்த இல்லங்கள் பல நிதானமடைந்து நிலைத்தன. குரலை உயர்த்தாத கிளினிக்கும் குரலை உயர்த்துவதையே மருந்தாக வைத்த குடும்பத்தின் வாரிசும் 2011-இல் ஒன்றாக இணைந்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. புது மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு சின்ன அமைப்புகள் தனியாக நிற்க முடியாமல் போனது ஒரு காரணம். 'ஹெல்த்ரைட் 360' என்ற பெயரில் அது இப்போது பெரிய நிறுவனம். ஸ்மித் அதற்குச் சில வருஷம் முன்பே விலகியிருந்தார்.

கிளேட்டன் தெரு மாடியில் நடந்த கிளினிக்கை 2019-இல் மூடிவிட்டார்கள். வைத்தியம் மிஷன் தெருவில் இருக்கும் நவீனக் கட்டடத்தில் தொடர்கிறது. ராக் மெடிசின் கச்சேரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தெருவில் இப்போது புழங்குவது ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலிமருந்து. 2023-இல் மட்டும் அளவு மீறிய போதையால் அந்த நகரத்தில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபென்டனில் அளவு மீறியவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது, சில நிமிஷங்களில் மூச்சு நின்றுவிடும். அதனால் இன்றைய தன்னார்வலர் பையில் முதலில் இருப்பது மூக்கில் அடிக்கிற, போதையை முறிக்கிற நலாக்சோன். ஆள் கண் திறந்த பிறகு பேசுவதற்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய முறைதான்.